பூட்டிய அறைக்குள் ஓடும் கடிகாரம்

வாசகர் கடிதம் (சுருக்கி):

"இரண்டு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 42 அத்தியாயம் என்று திட்டம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். 19ஆம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது. நான்கு மாதமாக ஒரு பக்கம்கூட நகரவில்லை.

கதை ஓர் அக்காவையும் தம்பியையும் பற்றியது. அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். தம்பி அவரோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போனவன். அக்கா பதினோரு வருடம் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். அப்பா இறந்தபின் தம்பி வருகிறான், வீட்டை விற்க வேண்டும் என்கிறான். நடுவில் தீ விபத்து, தம்பிக்கு ஒரு விபத்து, அக்காவின் பழைய காதலன் திரும்பி வருவது என்று நிறையச் சம்பவங்கள் வைத்திருக்கிறேன். படித்த தோழி, 'என்னென்னவோ நடக்குது, ஆனா எனக்கு யார்மேலயும் ஒட்டுதல் வரல' என்றாள்.

பிளாட் (கதைப்பின்னல்) முதலில் வர வேண்டுமா, பாத்திரம் முதலில் வர வேண்டுமா? தொடக்கம், நடு, முடிவு என்ற மூன்று அங்க அமைப்பைக் கடைப்பிடித்தே ஆக வேண்டுமா? கதாநாயகி எப்படி 'வளர' வேண்டும்? எழுதிய 19 அத்தியாயத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதானா? முதல் மூன்று அத்தியாயமும் முழுக் கதைச்சுருக்கமும் இணைத்திருக்கிறேன்."

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய பக்கங்களை இரண்டு முறை படித்தேன், கதைச்சுருக்கத்தை மூன்று முறை. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது உங்களை உறுத்திக்கொண்டே இருக்கும் என்று தெரியும். எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். உங்கள் நாவல் உங்களிடம்தான் இருக்கிறது. ஆனால் அதை 34ஆம் அட்டையில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

அதற்கு வருவதற்கு முன், 19ஆம் அத்தியாயம் ஏன் நகரவில்லை என்று பார்ப்போம்.

கைப்பிரதிகளைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாவல் நடுவில் நின்றுபோய் வந்தவர்கள்தான் என்னிடம் அதிகம். தொடக்கத்தை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். முடிவும் பெரும்பாலானவர்கள் மனத்தில் இருக்கிறது. நடுப்பகுதிதான் ஆளைக் கவிழ்க்கிறது. ஆரம்ப காலத்தில் இப்படி நின்றுபோன ஒரு நாவலுக்கு நான், "நடுவில் சம்பவங்கள் போதவில்லை, கூட்டுங்கள்" என்று எழுதி அனுப்பினேன். அவர் ஒரு கடத்தலையும் ஒரு மரணத்தையும் சேர்த்து எட்டு மாதம் கழித்து அனுப்பினார். முன்பைவிட மோசமாக இருந்தது. அவர் அந்த நாவலை முடிக்கவே இல்லை. அந்த யோசனையைச் சொன்னவன் நான் என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது. உங்களுக்கு அதே தவறைச் செய்ய மாட்டேன். உங்கள் நடுப்பகுதியில் சம்பவம் குறையவில்லை. அளவுக்கு மேலேயே இருக்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். சுவரில் இருக்கும் அட்டைகளில் அடுத்தடுத்த இரண்டை எடுத்து, நடுவே ஒரு சொல்லைப் போட்டு வாசியுங்கள். அந்தச் சொல் "அப்புறம்" என்றுதான் வருகிறதா, "அதனால்" என்று வருகிறதா? உங்கள் கதைச்சுருக்கத்தில் நான் செய்து பார்த்தேன். வீட்டில் தீப்பிடிக்கிறது. அப்புறம் தம்பிக்கு விபத்து. அப்புறம் பழைய காதலன் வருகிறான். அப்புறம் கையெழுத்தில்லாத ஒரு கடிதம். 4ஆம் அட்டையிலிருந்து 19 வரைக்கும் "அதனால்" வந்தது இரண்டே இடத்தில். தீ விபத்தையும் காதலனையும் இடம் மாற்றிப் போட்டேன், கதைக்கு எந்தச் சேதமும் இல்லை. எடுத்து இடம் மாற்றினாலும் வலிக்காத சம்பவம் கதையின் உடம்பில் ஒட்டாத சம்பவம்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஏறத்தாழ 2,300 வருடத்துக்கு முன் அரிஸ்டாட்டில் நாடகத்தைப் பற்றிப் பேசும்போதே, ஒன்று இன்னொன்றுக்குப் பின் நடப்பதும் ஒன்று இன்னொன்றால் நடப்பதும் வெகு தூரம் வேறுபட்டவை என்று சொல்லிவிட்டார். சம்பவங்கள் தொடர்பின்றி அடுத்தடுத்து வரும் கதைப்பின்னலை எல்லாவற்றிலும் மோசமானது என்றும் சொன்னார்.

அந்த "அதனால்" எங்கிருந்து வரும் என்பதுதான் சிக்கலான இடம். வெறும் காரண காரியம் போதாது. மழை பெய்தது, அதனால் பாலம் உடைந்தது, அதனால் பேருந்து நின்றது: இதிலும் சங்கிலி இருக்கிறது, மனுஷன் இல்லை. கதையில் "அதனால்" ஒரு குறிப்பிட்ட ஆளின் மனத்தின் வழியாகப் போக வேண்டும். அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கும் என்று வாசகருக்குத் தோன்ற வேண்டும்.

நாம் எல்லோரும் அறிந்த ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். சிலப்பதிகாரம் ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிற காவியம். விதிதான் எல்லாவற்றையும் நடத்துகிறது என்று சொன்ன புலவர், அந்தச் சாக்கில் தன் வேலையைச் சுருக்கிக்கொண்டாரா என்று பாருங்கள். பொற்கொல்லன் அரண்மனைக்கு வருகிறான். அந்த நேரத்தில் பாண்டியன் நீதிமன்றத்தில் அமர்ந்து அவனிடம் விசாரித்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். ஆனால் அரசன் ஆடல்மகளிரின் ஆட்டத்திலும் பாட்டிலும் மனம் போக்கியிருந்ததைப் பார்த்த கோப்பெருந்தேவி, ஊடலை மறைத்துக்கொண்டு, தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த, அமைச்சர்களை விட்டு நீங்கி அவள் அந்தப்புரத்தை நோக்கி அவன் போய்க்கொண்டிருக்கிறான். பொற்கொல்லன் அவனைப் பிடிப்பது அந்த வாசலில். தேவியின் காணாமல்போன சிலம்பு கிடைத்துவிட்டது என்ற செய்தி, மனைவியின் கோபத்தைத் தணிக்கப் போகிறவன் காதில் எப்படி விழும்? ஆராயவில்லை. கொன்று சிலம்பைக் கொண்டுவா என்று ஆணையிட்டுவிட்டுப் போகிறான்.

ஒரு கணவனின் அவசரம் அது. அதில் ஒரு கொலை, ஒரு ஆட்சி, ஒரு நகரம் எல்லாம் தொங்குகின்றன. இதைப் பின்னோக்கித் தொடர்ந்து போனால் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மனசு இருக்கும். கடற்கரையில் ஒருவர் பாடிய பாட்டை மற்றவர் என்று கோவலனும் மாதவியும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அதனால் கோவலன் வீடு திரும்புகிறான். இவன் மறுபடியும் பொருளுக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்த கண்ணகி, சிரித்த முகத்தோடு "சிலம்பு உள கொண்ம்" என்கிறாள். அவள் அப்படிக் கொடுக்கிறவள் என்பதால்தான் சிலம்பு மதுரைக்குப் போகிறது. விதியை நம்பிய புலவரே மனிதர்களின் குணத்தைக் கொண்டுதான் விதியை நடத்தினார். உங்கள் தீ விபத்து யாருடைய குணத்தால் நடந்தது?

பிளாட் முதலா பாத்திரம் முதலா என்ற உங்கள் கேள்விக்கு இதற்குள்ளேயே பதில் இருக்கிறது. அரிஸ்டாட்டில் கதைப்பின்னலுக்கே முதலிடம் தந்தார். 1884இல் நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் எழுதிய கட்டுரை ஒன்று, இரண்டையும் பிரிக்கவே முடியாது என்றது: சம்பவம் என்பதே குணம் வெளிப்படும் விதம்தான் என்பது அவர் கட்சி. நான் ஜேம்ஸ் பக்கம். ஒரு பெண் இரண்டு பொருளையும் விட மனமில்லாமல், ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற இடத்தில் நின்று எதை எடுக்கிறாள்? அவள் எடுத்தது பாத்திரம். அதனால் விளைந்தது பிளாட். நீங்கள் எதிலிருந்து ஆரம்பித்தாலும் இந்த இடத்துக்கு வந்தாக வேண்டும்.

இனி உங்கள் மூன்றாம் அத்தியாயம். வந்த மறுநாள் தம்பி அப்பாவின் மேல் அறைச் சாவியைக் கேட்கிறான். நீங்கள் எழுதியது:

"அவள் கண்கள் கலங்கின. நடுங்கும் விரல்களால் சாவியை எடுத்து நீட்டினாள். பதினோரு வருட வலி நெஞ்சில் அலையடித்தது. அவன் எதையும் கவனிக்காமல் வாங்கிக்கொண்டு படியேறினான்."

மொழி நன்றாகவே ஓடுகிறது. ஆனால் இங்கே அவள் என்ன செய்தாள்? கேட்டான், கொடுத்தாள். தீப்பிடிக்கும்போது அழுகிறாள், விபத்தின்போது மருத்துவமனையில் காத்திருக்கிறாள், காதலன் வரும்போது பழசை நினைக்கிறாள். 19 அத்தியாயத்தில் அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லாம் அவளுக்கு நடக்கிறது. அழுகிறவளைப் பார்த்து வாசகர் பரிதாபப்படுவார், ஆனால் பரிதாபத்தை வைத்துக்கொண்டு நாற்பது அத்தியாயம் அவள் கூடவே நடக்க மாட்டார். தோழி சொன்ன ஒட்டுதல் வராததற்கு இதுதான் காரணம்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று உங்கள் குறிப்பில் தேடினேன். "நிம்மதி, நியாயம், தம்பியின் அன்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். இவை மூன்றும் பெயர்கள், ஆசைகள் அல்ல. ஆசை என்றால் இன்ன நாளில், இன்ன இடத்தில், கிடைத்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடிய வேண்டும்.

இப்போது 34ஆம் அட்டை. "ட்விஸ்ட்: அப்பா மகனுக்கு எழுதிய கடிதங்களை அக்கா தபாலில் போடவே இல்லை என்று தெரிகிறது." ஒரே வரி. இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நண்பரே, இதுதான் உங்கள் நாவல். வருடத்துக்கு ஒன்றாகப் பதினோரு கடிதம். நடக்க முடியாத அப்பா, "போட்டுடும்மா" என்று நம்பிக்கையோடு இவள் கையில் கொடுத்த கடிதங்கள். அவற்றை இவள் அவர் இனி ஏறவே முடியாத மேல் அறையில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இப்படிப்பட்ட ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு, 33 அத்தியாயம் அவளை ஒன்றும் அறியாத சாதுவாகக் காட்டிவிட்டு, கடைசியில் திரையை விலக்கி வாசகரைத் திடுக்கிட வைக்கலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். திடுக்கிடல் ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும். அதற்கு விலையாக 33 அத்தியாயத்தின் பதற்றத்தையும் கொடுத்துவிட்டீர்கள்.

கட்டமைப்பு என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இதுதான்: வாசகருக்கு எது எப்போது தெரிய வேண்டும் என்ற முடிவு. கடித விஷயம் வாசகருக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டால், மூன்றாம் அத்தியாயத்தில் தம்பி "மேல் ரூம் சாவி எங்கே?" என்று கேட்கும் சாதாரணக் கேள்வி வாசகர் கழுத்தைப் பிடிக்கும். கண்ணீர் தேவையில்லை, அலையடிக்கும் வலி தேவையில்லை.

இன்னொன்றும் நடக்கும். அவளுக்கு இப்போது இரண்டு ஆசைகள் உண்டாகிவிட்டன, இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. தம்பி தங்க வேண்டும், ஏனென்றால் இந்த வீட்டில் அவள் தனியாள். தம்பிக்குத் தெரியக் கூடாது. அவன் தங்கினால் ஒருநாள் அறை திறக்கும். அறை திறக்காமல் இருக்க வேண்டுமானால் அவனைத் துரத்த வேண்டும். ஒரு பக்கம் ஓர் அடி வைத்தால் மறுபக்கம் ஓர் அடி இழக்கிறாள். உங்கள் நடுப்பகுதிக்கு வேண்டிய எரிபொருள் மொத்தமும் இதில் இருக்கிறது. வெளியிலிருந்து தீ வரவேண்டியதில்லை.

ஏன் போடவில்லை என்பதற்கு நீங்கள் ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அதை நான் சொல்லக் கூடாது, ஆனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். பதினோரு கடிதத்துக்கும் ஒரே காரணம் இருக்காது. முதல் கடிதத்தை அவள் கோபத்தில் வைத்திருக்கலாம். இரண்டாவதைப் போட்டால் முதலாவது எங்கே என்று கேள்வி வரும். ஐந்தாவதின்போது அது வழக்கமாகிவிட்டது. அப்பா படுத்தபடியே "பதில் வந்துச்சா?" என்று கேட்டிருப்பாரே, அதற்கு ஒவ்வொரு வருடமும் அவள் ஏதோ பதில் சொல்லியிருப்பாளே. அந்தப் பதில்களை ஒரு தாளில் எழுதுங்கள். பதினோரு பதில். நாவலில் ஒன்றிரண்டுதான் வரும். ஆனால் எழுதி முடிக்கும்போது அவள் உங்களுக்கு நெருங்கிய சொந்தக்காரி ஆகிவிடுவாள்.

இனி சாவிக் காட்சியை நான் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். இது உங்கள் நாவலுக்கு அல்ல, வழியைக் காட்டத்தான். உங்கள் முதல் அத்தியாயத்தில் போகிறபோக்கில் "மேல் அறையில் எட்டுநாள் கடிகாரம் ஒன்று இருந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டு மறந்துவிட்டீர்கள். அதை எடுத்துக்கொள்கிறேன். ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் கடிகாரம் அது.

"மேல் ரூம் சாவி?"

"அந்தப் பூட்டு துருப்பிடிச்சுப் போச்சுடா. அப்பா படுத்ததுலேருந்து யாரும் மேலே போறதில்லை."

அவன் படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கை நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டான். சின்ன வயதில் எந்தக் கடிகாரம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

"எட்டுநாள் கடிகாரம் ஓடுதே அக்கா."

அவள் துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"யாரு சாவி கொடுக்கிறா?"

இதில் அழுகை இல்லை, நெஞ்சில் அலை இல்லை. ஆனால் அவள் ஒரு முடிவு எடுத்தாள்: பொய் சொன்னாள். அந்தப் பொய் உடனே அவளுக்கு எதிராகத் திரும்பியது. திருப்பியது வெளியிலிருந்து வந்த விபத்து இல்லை, அவன் அப்பாவின் மகனாக வளர்ந்தவன் என்பது. நம் மொழியில் கதவுக்கும் சாவி, கடிகாரத்துக்கும் சாவி. அந்த வசதியை விடாதீர்கள்.

அவள் ஏன் அந்தக் கடிகாரத்துக்கு வாராவாரம் ஏறிப்போய்ச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள்? கீழே படுத்திருந்த அப்பா அதன் மணியை எண்ணுவார் என்பதற்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் போனபிறகும் நிறுத்த மனம் வரவில்லை. அப்படியானால் வாரத்துக்கு ஒருமுறை அவள் படியேறுவதில் இரண்டு விஷயம் இருக்கிறது: அப்பாமேல் அவள் வைத்த அன்பு, அப்பாவுக்குச் செய்த துரோகம். இரண்டும் ஒரே அறையில். இவள் நல்லவளா கெட்டவளா என்று வாசகர் கேட்டுக்கொண்டே பக்கத்தைத் திருப்புவார். நல்ல குணம் ஐந்து, கெட்ட குணம் மூன்று என்று பட்டியல் போட்டு எழுதும் பாத்திரக் குறிப்பேடுகளை நான் சிபாரிசு செய்வதில்லை. பிடித்த நிறம், ராசி, உயரம் எல்லாம் நிரப்பிய அந்த அட்டவணைகள் எந்தப் பெண்ணையும் படியேற வைத்ததில்லை. முரண்பட்ட இரண்டு குணம் ஒரே செயலில் தெரிகிற ஓர் இடம் கிடைத்தால் போதும்.

தம்பியைப் பற்றி. இவனை வில்லனாகவே எழுதியிருக்கிறீர்கள், அது உங்கள் கதைக்கு நீங்கள் செய்யும் அநியாயம். அவன் பக்கத்திலிருந்து யோசியுங்கள். பதினோரு வருடம் அப்பாவிடமிருந்து ஒரு வரி வரவில்லை என்று நம்புகிறவன் அவன். வீட்டை விற்கச் சொல்வது பேராசையாகவே இருக்க வேண்டியதில்லை. தன்னை வேண்டாம் என்று சொன்ன வீடு இருக்கவே வேண்டாம் என்று நினைக்கலாம். அப்போது அவனுடைய கோபம் நியாயமானது, அந்தக் கோபத்துக்குக் காரணம் அக்கா. அது அவளுக்கு மட்டும் தெரியும். அவன் அவளிடம் "அப்பா ஒரு தடவையாவது என்னைப் பத்திக் கேட்டாரா?" என்று கேட்கும் காட்சியை உங்களால் எழுதாமல் இருக்க முடியுமா? அவன் பார்வையில் இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். நாவலில் சேர்க்க வேண்டாம், நாவலின் பார்வைக் கோணம் அக்காவுடையதாகவே இருக்கட்டும். அந்த இரண்டு பக்கத்துக்குப் பிறகு அவன் பேசும் வசனம் தானாக மாறும்.

மூன்று அங்க அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அட்டைகளில் கால், அரை, கால் என்று கோடு போட்டிருப்பது திரைக்கதையிலிருந்து வந்த கணக்கு. 1979இல் சிட் ஃபீல்ட் என்ற அமெரிக்கர் பரப்பியது: 120 பக்கத் திரைக்கதையை 30, 60, 30 என்று பிரிப்பது. பக்கத்துக்கு ஒரு நிமிடம், இரண்டு மணி நேரப் படம் என்ற அளவில் பிறந்த கணக்கு அது. ஏற்றம், உச்சம், இறக்கம் என்ற முக்கோணத்தை 1863இல் விளக்கிய ஜெர்மன் எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் ஐந்து அங்க மேடை நாடகங்களை வைத்துப் பேசினார். இரண்டுமே எழுதி முடித்த படைப்பைச் சோதிக்க நல்ல கருவிகள். நாவல் எங்கே தொய்கிறது என்று பார்க்க நானே அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் எழுதும்போது "இந்த அத்தியாயத்தில் ஒரு திருப்பம் வந்தாக வேண்டும்" என்று நீங்கள் தேதி குறித்ததால்தான், வேறு வழியில்லாமல் காதலன் வந்து நிற்கிறான். அவனை அனுப்பிவிடுங்கள். அவன் வந்ததால் யாரும் எதையும் முடிவு செய்யவில்லை.

விபத்து இருக்கலாம், இடத்தைப் பொறுத்தது. தற்செயல் ஒருவரைச் சிக்கலில் கொண்டுபோய்த் தள்ளினால் வாசகர் ஏற்றுக்கொள்வார், சிக்கலிலிருந்து தூக்கிவிட்டால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார். உங்கள் நாவலில் தம்பியின் விபத்து அக்காவைக் காப்பாற்றுகிறது. அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வீடு விற்பது தள்ளிப்போகிறது. அதனால் அது அங்கே ஆகாது. தீயைப் பற்றி எனக்கு வேறு எண்ணம். அதை மின்கசிவில் உண்டாக்கியிருக்கிறீர்கள். அவள் கையில் கொடுத்துப் பாருங்கள். கடிதங்களை எரிக்க உட்காருகிறாள், ஒன்றை எரித்துவிடுகிறாள், இரண்டாவதில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்து நிறுத்திவிடுகிறாள். அப்பா வருடத்தை மேலே எழுதும் பழக்கமுள்ளவராக இருந்தால், இனி எப்போது அந்தக் கட்டு தம்பி கைக்குப் போனாலும் ஒரு வருடம் குறையும். அந்த வருடத்தில் அப்பா என்ன எழுதினார் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், அல்லது அவளுக்கும் தெரியாது. எது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். பெரிய வித்தியாசம் அது.

முன்கதையைக் குறைக்க வேண்டும். முதல் மூன்று அத்தியாயத்தில் பதினாலு பக்கம் ஃப்ளாஷ்பேக். அம்மா, பள்ளிக்கூடம், சண்டை நடந்த இரவு எல்லாம் வரிசையாக வந்துவிடுகிறது. சண்டை நடந்த இரவை மட்டும் வைத்திருந்து, தம்பி அதைப் பற்றித் தன் பாட்டுக்கு வேறு மாதிரி சொல்லும் இடத்தில் அவள் மனத்தில் ஓட விடுங்கள். நிகழ்காலத்தில் ஒரு முள் குத்தும்போதுதான் பழசு நினைவுக்கு வரும், நமக்கும் அப்படித்தானே.

கதாநாயகி எப்படி வளர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கடைசி அத்தியாயத்தில் அவள் மொட்டைமாடியில் நின்று வாழ்க்கையைப் புரிந்துகொள்வதாக ஒன்றரைப் பக்கம் இருக்கிறது என்று கதைச்சுருக்கம் சொல்கிறது. அதை எழுதாதீர்கள். ஒரு பாத்திரம் மாறியதை வாசகர் காண்பதற்கு எளிய ஏற்பாடு உண்டு: முதலில் வந்த சூழலுக்கு அவளைத் திரும்பக் கொண்டு வாருங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் படியடியில் நின்று சாவி இல்லை என்றாள். முடிவுக்குப் பக்கத்தில் அதே படியடி, யாரோ ஒருவர் சாவி கேட்கிறார். தம்பியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வீட்டை வாங்க வந்தவராகவும் இருக்கலாம். அப்போது என்ன செய்கிறாள்? கொடுக்கலாம். மறுபடியும் மறுக்கலாம், ஆனால் இந்தமுறை பொய் சொல்லாமல். இதே பொய்யை இன்னும் தேர்ச்சியாகச் சொல்லவும் செய்யலாம், அதுவும் ஒரு மாற்றம்தான், நெஞ்சை உறைய வைக்கும் மாற்றம். எல்லாக் கதாநாயகியும் திருந்த வேண்டும் என்று சட்டம் இல்லை. முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவே நாற்பது அத்தியாயம் அவளுக்கு என்ன செய்தது என்பது அந்தச் செயலில் தெரிந்தால் போதும்.

எழுதிய 19 அத்தியாயத்தில் ஏழு நிற்கும் என்று நினைக்கிறேன். மற்றவை போனாலும் இரண்டு வருடம் வீணாகவில்லை. அந்த வீட்டில் எத்தனை படி, எந்தக் கதவு கிறீச்சிடும், அப்பா எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது அந்தப் பக்கங்களை எழுதியதால்தான். எட்டுநாள் கடிகாரமும் அங்கிருந்துதான் எனக்குக் கிடைத்தது.

சுவரில் உள்ள அட்டைகளைக் கிழிக்காதீர்கள், கழற்றி ஓர் உறையில் போட்டு வையுங்கள். புது அட்டைகள் இப்போது வேண்டாம். இரண்டே காட்சி எழுதுங்கள். முதலாவது சாவிக் காட்சி, என்னுடையதைப் பார்க்காமல் உங்கள் பாணியில். இரண்டாவது அன்று இரவு: தம்பி தூங்கிவிட்டான் என்று நினைத்து அவள் மேலே போகிறாள், கடிகாரத்தை நிறுத்துவதா, கடிதங்களை எடுப்பதா என்று நிற்கிறாள். கடிகாரத்தை நிறுத்தினால் காலையில் அவனுக்குத் தெரிந்துவிடும். நிறுத்தாவிட்டால் அவள் சொன்ன பொய் மேலே ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த இரவில் அவள் எதைச் செய்கிறாள் என்று முடிவானதும் எனக்கு எழுதுங்கள். இரண்டு காட்சியையும் சேர்த்தே அனுப்பினாலும் படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் எடிட்டர்